ஆறு எப்போது பாரம்பரிய வழித்தடம் ஆகிறது?

பிளாக்ஸ்டோன் என்று ஓர் ஆறு. அமெரிக்காவின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் தொடங்கி, ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிராவிடன்ஸ் அருகே கடலைத் தொடுகிறது. நீளம் சுமார் 46 மைல்தான். ஒரு காலத்தில் அதன் தண்ணீர் தினம் ஒரு நிறத்தில் ஓடியது. அன்றைக்கு ஆலையில் என்ன சாயமோ ஆற்றுக்கும் அதே நிறம் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். துணி ஆலைக் கழிவு, உலோக ஆலைக் கழிவு, ஊர்ச் சாக்கடை எல்லாம் அதில்தான் கலந்தன. அடியில் படிந்த வண்டலில் இன்னமும் கன உலோகங்கள் தங்கியிருக்கின்றன. படம் எடுத்துச் சுவரில் மாட்டுகிற ஆறு அல்ல அது.

ஆனால் 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தப் பள்ளத்தாக்கைத் தேசியப் பாரம்பரிய வழித்தடமாக அறிவித்தது. அதைவிடத் தெளிந்த, அழகான ஆறுகள் அந்த நாட்டில் எத்தனையோ இருக்க, இதற்கு ஏன் அந்தத் தகுதி? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

முதலில், வழித்தடம் என்பது என்ன?

தேசியப் பூங்கா என்றால் பெரும்பாலும் நிலம் அரசுடையது. எல்லையில் பலகை இருக்கும், உள்ளே காவலர் இருப்பார், என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாது என்ற விதிகள் இருக்கும். பாரம்பரிய வழித்தடம் அப்படியில்லை. அதற்குள் மக்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், தொழிற்சாலை ஓடுகிறது, வயல் உழப்படுகிறது. நிலம் யாருடையதோ அவர்களுடையதாகவே இருக்கிறது. அறிவிப்பு வந்ததால் மட்டும் யாருடைய நிலத்தின் மீதும் புது விதி எதுவும் வந்து உட்காருவதில்லை.

இந்த யோசனை பிறந்த இடம் இல்லினாய் மாநிலம். அங்கே 1848-இல் திறக்கப்பட்ட இல்லினாய் – மிச்சிகன் கால்வாய், 96 மைல் நீளத்துக்கு, பேரேரிகளின் பக்கத்தையும் மிசிசிப்பி ஆற்றின் பக்கத்தையும் படகு வழியாக இணைத்தது. சிகாகோ ஒரு பெருநகரமாக வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1933-இல் படகுப் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. அதன் கரையெங்கும் ஊர்களும் கல் குவாரிகளும் ஆலைகளும் நிறைந்திருந்தன. பூங்காவாக்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கானவர்களை அப்புறப்படுத்த வேண்டும். அது நடக்காத காரியம், நியாயமும் இல்லை. அதனால் வாழும் இடமாகவே வைத்துக்கொண்டு, அதன் வரலாற்றைக் காக்கவும் சொல்லவும் ஒரு புது ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். 1984-இல் அதிபர் ரீகன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்காவின் முதல் தேசியப் பாரம்பரிய வழித்தடம் அதுதான். பின்னால் 'பாரம்பரியப் பகுதி' என்ற பொதுப்பெயர் நிலைத்தது. ஆறு, கால்வாய் போல நீளவாக்கில் போகும் சில பகுதிகள் மட்டும் வழித்தடம் என்ற பெயரையே வைத்துக்கொண்டிருக்கின்றன. 2023 ஜனவரியில் வந்த சட்டம் இவை எல்லாவற்றையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தபோது எண்ணிக்கை 62.

இதனால் ஓர் ஊருக்கு என்ன கிடைக்கும்? ஒரு பெயர், தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பான தேசியப் பூங்கா சேவையின் தொழில்நுட்ப உதவி, கொஞ்சம் பணம். அந்த 2023 சட்டப்படி ஒரு பகுதிக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரைதான் ஒதுக்கலாம். அந்தப் பணத்துக்கு ஈடாக உள்ளூர்க்காரர்களும் பங்கு திரட்டிக் காட்ட வேண்டும்.

அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு மட்டுமே உண்டு. அதற்கு முன்னால் சாத்தியக்கூறு ஆய்வு ஒன்று நடக்க வேண்டும் என்பது வழக்கம். காங்கிரஸ் சொன்னால் பூங்கா சேவையே செய்யும். இல்லாவிட்டால் உள்ளூர் அமைப்பு ஒன்று செய்து பூங்கா சேவையின் பரிசீலனைக்கு அனுப்பும். பூங்கா சேவை இதற்குப் பத்து அளவுகோல்களை வைத்திருக்கிறது. பத்தையும் வரிசையாக ஒப்பித்தால் தலை சுற்றும். உள்ளபடி பார்த்தால் எல்லாம் நான்கு கேள்விகளில் அடங்கிவிடும்: கதை என்ன, மிச்சம் என்ன, எல்லை எது, சுமப்பவர்கள் யார்.

கதை

ஆய்வு செய்பவர்கள் முதலில் தேடுவது கருப்பொருளை. இந்த ஆறு நாட்டின் வரலாற்றில் எதை மாற்றியது? அதை ஓரிரு வரியில் சொல்லத் தெரிய வேண்டும். 'நீண்ட வரலாறும் இயற்கை எழிலும் கொண்ட ஆறு' என்று எழுதினால் போதாது. நான் பரிந்துரைக்கும் சோதனை எளிமையானது: அந்த வரியில் இருக்கும் ஆற்றின் பெயரை எடுத்துவிட்டு வேறோர் ஆற்றின் பெயரைப் போடுங்கள். வரி அப்போதும் பொருந்தினால் கதை இன்னும் கைக்கு அகப்படவில்லை.

பிளாக்ஸ்டோனை வைத்தே பார்ப்போம். அந்த 46 மைலுக்குள் ஆறு 430 அடிக்கு மேல் இறங்குகிறது. ஏறக்குறைய படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு படியிலும் ஒரு தண்ணீர்ச் சக்கரத்தைச் சுழற்றலாம். 1789-இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து வந்தார். நூற்பு இயந்திரங்களையோ அவற்றின் வரைபடங்களையோ வெளியே கொண்டுபோவதை இங்கிலாந்துச் சட்டம் தடுத்திருந்தது. அவர் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்தார். மறு ஆண்டே இந்த ஆற்றின் அருவி ஒன்றின் பக்கத்தில், பாட்டக்கெட் என்ற ஊரில், தண்ணீர் விசையால் பருத்தி நூற்கத் தொடங்கினார். 1793-இல் அங்கே ஆலைக் கட்டடம் எழுந்தது. அமெரிக்காவில் தண்ணீர் விசையால் வெற்றிகரமாக ஓடிய முதல் பருத்தி நூற்பு ஆலை அதுதான்.

அப்புறம் பள்ளத்தாக்கு முழுக்க அதே அச்சு பரவியது. ஆற்றுக்குக் குறுக்கே அணை, பக்கத்தில் ஆலை, ஆலையைச் சுற்றித் தொழிலாளர் வீடுகள், முதலாளியின் கடை, தேவாலயம். வேலைக்குத் தனி ஆளாக எடுக்காமல் குடும்பத்தோடு எடுத்தார்கள். ஸ்லேட்டரிடம் முதன்முதலில் வேலை செய்தவர்கள் 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள். இந்த ஏற்பாட்டுக்கு 'ரோட் ஐலண்டு முறை' என்றே பெயர் வந்தது. ஆகவே கருப்பொருள் இப்படி அமைகிறது: அமெரிக்கா வயலை விட்டு ஆலைக்குள் நுழைந்தது இந்த ஆற்றங்கரையில். இந்த வரியில் வேறோர் ஆற்றின் பெயரைப் போட்டுப் பாருங்கள், ஒட்டாது.

கதை என்றால் பெருமை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஆலைகளுக்கு வந்த பருத்தியைத் தென் மாநிலங்களில் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் விளைவித்தார்கள். அவர்களுக்கே உடுத்தக் கொடுக்கும் முரட்டுத் துணியை ரோட் ஐலண்டு ஆலைகள் நெய்து திருப்பி விற்றன. ஆலைகளுக்கு வெகு காலம் முன்பே அந்த ஆற்றில் மீன் பிடித்து வாழ்ந்த நிப்மக் பழங்குடி மக்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு எழுதும் ஆய்வு வெறும் விளம்பரத் தாள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கதைக்குக் கட்டடம்தான் வேண்டும் என்பதும் இல்லை. கொலராடோ மாநிலத்தில் கேஷ் லா பூடர் என்ற ஆறு பாரம்பரியப் பகுதியாக இருக்கிறது. அதன் கதை ஒரு சட்டம். 1874-இல் கடும் வறட்சி. மேலே ஃபோர்ட் காலின்ஸ் பக்கத்துக் குடியேறிகள் புதிதாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை எடுத்துக்கொள்ள, கீழே அவர்களுக்கு முன்பே பாசனம் செய்துவந்த கிரீலி ஊரின் வாய்க்கால்கள் வறண்டன. தண்ணீர் யாருக்கு? முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை என்ற கொள்கை 1876-இல் கொலராடோ அரசியல் சட்டத்திலேயே ஏறியது. அமெரிக்காவின் மேற்குப் பக்கத் தண்ணீர் உரிமை வளர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால் இந்தச் சிறிய ஆற்றைத் தொடாமல் சொல்ல முடியாது.

மிச்சம்

கதை இருக்கிறது, சரி. அதைக் கண்ணால் காட்ட முடியுமா? ஆய்வின் பெரும்பகுதி உழைப்பு இங்கேதான் போகிறது.

முதல் வேலை கணக்கெடுப்பு. பூங்கா சேவை பராமரிக்கும் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் எவையெல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன என்று பார்ப்பார்கள். ஆனால் பதிவேட்டோடு நின்றுவிட்டால் பெரிய மாளிகைகளும் பெரிய ஆலைகளும் மட்டுமே கணக்கில் வரும். தொழிலாளர் குடியிருப்பு, கல்லறைத் தோட்டம், பழைய ரயில் நிலையம், ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால், ஆற்றோரச் சதுப்பு, மீன் ஏறிவரும் இடம் இவையும் சேர வேண்டும். கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு: ஓய்வுபெற்ற நெசவாளர்களின் நினைவு, குடியேறி வந்தவர்கள் கொண்டுவந்த மொழி, திருவிழா, சமையல். கனடாவிலிருந்து பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் ஆலை வேலைக்காக ஊன்சாக்கெட் நகருக்குக் கூட்டம் கூட்டமாக வந்தன. அங்கே தெருவில் பிரெஞ்சு கேட்ட காலம் இருந்தது. அந்தப் பேச்சும் பாரம்பரியம்தான். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே பதிவு செய்தால்தான் உண்டு.

கணக்கெடுத்ததும் இரண்டு கேள்விகள்.

ஒன்று, இவை தனித்தனிப் பொருள்களா, ஒரு தொகுப்பா? பிளாக்ஸ்டோனில் ஆற்றின் பக்கத்திலேயே 1828-இல் கால்வாய் திறந்தார்கள். 1847-இல் ரயில் வந்தது, மறு ஆண்டு கால்வாய் மூடப்பட்டது. இன்றும் ஆறு, கால்வாய், ரயில்பாதை, ஆலை ஊர் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும் இடங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது ஏன் அங்கே இருக்கிறது என்று புரியாது. அணை இல்லாமல் ஆலை இல்லை. ஆலை இல்லாமல் அந்த ஊரே இல்லை. இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதைத்தான் தொகுப்பு என்கிறார்கள். அப்படியில்லாமல் ஒரே ஒரு கோட்டை மட்டும் பிரமாதமாக இருந்தால், அந்தக் கோட்டையைத் தனியாகக் காப்பதுதான் சரியான வழி. அதற்கு வழித்தடம் தேவையில்லை.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு சிதையாமல் இருக்கிறது? புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. எல்லாமே பழைய நிலையில் பளபளவென்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அளவுகோல் அவ்வளவு கேட்கவில்லை. கதையைச் சொல்லப் போதுமான அளவு மிச்சம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. ஆலை இன்று அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறியிருக்கலாம். ஆனால் அது ஆற்றோரத்திலேயே நிற்கிறது, பக்கத்தில் அணை இருக்கிறது, எதிரே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கின்றன என்றால் கதை இன்னும் நிற்கிறது. இதற்கு மாறாக, ஓர் ஆலை துளி மாறாமல் நின்றும், சுற்றியிருந்த ஊர் முழுக்க இடிக்கப்பட்டு நெடுஞ்சாலையும் வாகன நிறுத்தமும் வந்துவிட்டால், நிற்பது கட்டடம் மட்டும்தான்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆற்றைப் பொறுத்தவரை இயற்கையும் வரலாறும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை. பிளாக்ஸ்டோனின் அணைகள் ஆலைகளின் உயிர். அதே அணைகள்தான் கடலிலிருந்து முட்டையிட ஏறிவந்த மீன்களின் வழியை அடைத்தன. அணையை எடுத்தால் மீன் திரும்பலாம், ஆலையின் கதை ஓர் உறுப்பை இழக்கும். அதோடு, அணைக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வண்டல் தேங்கிக் கிடக்கிறது. அவசரப்பட்டு உடைத்தால் அதிலுள்ள நஞ்சு கீழே இறங்கும். ஒவ்வோர் அணையையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்: இங்கே மீன் ஏணி (மீன்கள் அணையைத் தாண்டி ஏறிப்போகும் படி அமைப்பு) வைக்கலாமா, அங்கே எடுத்துவிடலாமா, இன்னொன்றை அப்படியே விடலாமா என்று. நல்ல ஆய்வு இந்த மோதலை மூடி மறைக்காது. வழித்தடமாக அறிவிப்பதால் மீன் வல்லுநரும் வரலாற்றாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய பயனாக நான் கருதுவது இதைத்தான்.

எல்லை

வரைபடத்தில் கோடு போடுவது சின்ன வேலை மாதிரி தெரியும். ஆனால் ஆய்வுக்காக ஊர் மக்களைக் கூட்டிப் பேசும் கூட்டங்களில் அதிகமாகச் சூடு பறப்பது இதில்தான். ஆற்றுக்கு எல்லை எங்கே? கரையா, வெள்ளம் ஏறும் இடமா, மழைத் தண்ணீர் ஓடிவந்து சேரும் நிலப்பரப்பு முழுவதுமா?

ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாகப் போட்டிருக்கிறார்கள். கேஷ் லா பூடருக்கு 1996-இல் வந்த சட்டம், எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள பெருவெள்ளம் எதுவரை பரவுமோ அந்த வெள்ளச் சமவெளியை எல்லையாக வைத்தது. பிளாக்ஸ்டோனில் ஊர் எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாநிலங்களிலும் சேர்ந்து சுமார் இரண்டு டஜன் ஊர்கள். கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் குவினபாக், ஷெட்டக்கெட் ஆறுகளின் பள்ளத்தாக்கு 35 ஊர்களைச் சேர்த்துக்கொண்டது. பாஸ்டனிலிருந்து வாஷிங்டன் வரை நகரங்கள் நெருக்கியடித்து நிற்கும் நிலப்பரப்பை இரவில் வானத்திலிருந்து பார்த்தால் எங்கும் வெளிச்சம். நடுவே இந்தப் பள்ளத்தாக்கு மட்டும் இருண்ட திட்டாகத் தெரியும். அதனால் 'கடைசிப் பசுமைப் பள்ளத்தாக்கு' என்று தங்களை அழைத்துக்கொள்கிறார்கள்.

எந்தக் கோடு சரி? கருப்பொருள் எதுவரை போகிறதோ அதுவரைதான். கதைக்குச் சம்பந்தமில்லாத ஊரை மரியாதைக்காகச் சேர்த்தால் கதை நீர்த்துப்போகும். சம்பந்தமுள்ள ஊரை அரசியல் காரணத்துக்காக விட்டால் தொகுப்பில் ஓட்டை விழும்.

கோட்டை அகலமாகப் போட்டதால் வந்த தொல்லைக்கு யூமா ஓர் உதாரணம். அரிசோனாவில் கொலராடோ ஆற்றைக் கடக்க வசதியாக இருந்த பழைய துறை அது. 2000-இல் சுமார் 22 சதுர மைல் பரப்பைப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தார்கள். அதற்குள் தங்கள் வயல்களும் அகப்பட்டிருக்கின்றன என்று தெரிந்ததும் விவசாயிகள் நில உரிமை பற்றிக் கவலைப்பட்டுக் குரல் எழுப்பினார்கள். 2005-இல் காங்கிரஸ் எல்லையைச் சுமார் 4 சதுர மைலாகச் சுருக்கியது. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2004-இல் ஆராய்ந்தபோது, இத்தகைய அறிவிப்பு தனியார் நிலத்தின் மதிப்பையோ பயன்பாட்டையோ நேரடியாகப் பாதித்த உதாரணம் எதையும் காணவில்லை. இருந்தும் யூமா விவசாயிகளின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். தன் வயலைச் சுற்றி யாரோ கோடு போட்டார்கள் என்று பிறகு தெரியவந்தால் யாருக்கும் மனம் பதறும். கோடு போடும் முன்பே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்ப் பேசியிருக்க வேண்டும்.

சுமப்பவர்கள்

அரசு நிலத்தை வாங்குவதும் இல்லை, காவலரை அனுப்பிக் காப்பதும் இல்லை என்னும்போது, உள்ளூர் மக்கள்தான் இதைத் தூக்கிச் சுமக்க வேண்டும். கதையும் மிச்சமும் அருமையாக இருந்தும், சுமக்க ஆள் இல்லையென்றால் ஆய்வு 'சாத்தியமில்லை' என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

பார்க்க வேண்டியவை சில. பொறுப்பேற்கும் அமைப்பு எது? அதற்கு ஏற்கெனவே பல ஊர்களோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் உண்டா? பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு கரட்டுத் திட்டமாவது போட்டிருக்கிறார்களா? பிளாக்ஸ்டோனை முதலில் கூட்டாட்சி அரசு நியமித்த ஆணையம் ஒன்று கவனித்தது. பிறகு அந்தப் பொறுப்பு லாப நோக்கற்ற உள்ளூர் நிறுவனம் ஒன்றின் தோளுக்கு மாறியது. அப்படி மாறும் நாள் வரும் என்று முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊர்களும் அமைப்புகளும் ஆய்வுக்கு அனுப்பும் கடிதங்களைப் படிக்கும்போது ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். 'நல்ல முயற்சி, எங்கள் வாழ்த்துகள்' என்று வருவது ஆதரவு. 'எங்கள் நகராட்சி ஒரு பணியாளரை ஒதுக்கும், எங்கள் அருங்காட்சியகம் இடம் கொடுக்கும்' என்று வருவது பொறுப்பேற்பு. ஆய்வுக்கு இரண்டும் வேண்டும், எடை அதிகம் இரண்டாவதற்குத்தான். கூட்டத்துக்கு யார் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழங்குடி மக்கள், விவசாயிகள், புதிதாகக் குடியேறியவர்கள், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் முதலாளி, தொழிலாளி. எதிர்ப்பவர் வந்து சத்தம் போட்டால் அது நல்லதுதான், அவர் சொல்வதை அறிக்கையில் அப்படியே பதிவு செய்யலாம்.

இத்தனைக்கும் பிறகு வரும் முடிவு 'ஆம்' என்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. அறிவிக்காமல் இப்படியே விட்டால் என்ன ஆகும், மாநில அளவிலான ஏற்பாடு போதுமா என்று மாற்று வழிகளையும் ஆய்வு எடைபோட வேண்டும். பென்சில்வேனியா, நியூயார்க் போன்ற மாநிலங்களுக்கு அவற்றுக்கென்றே பாரம்பரியப் பகுதித் திட்டங்கள் இருக்கின்றன. தேசிய முக்கியத்துவத்தை நிரூபிக்க முடியாத ஆற்றுக்கு அதுவே பொருத்தமான வீடாக இருக்கலாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மக்கள் ஆதரவை நிரூபிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் 1972 செப்டம்பரைக் காட்டுவேன். பிளாக்ஸ்டோன் கரையில் ஒரே நாளில் சுமார் 10,000 பேர் கூடினார்கள். ஆற்றிலிருந்தும் கரையிலிருந்தும் பழைய கார்களையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் டயர்களையும் இழுத்துப் போட்டார்கள். வழித்தட அறிவிப்பு வருவதற்கு அப்போது இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன.